மர்சூக் நானா சொன்ன வழி

வழி கேட்டு வந்த எவரிடமும் மர்சூக் நானா தெரியாது என்று சொன்னதில்லை. கண்டியில், மேட்டுத் தெரு திரும்பும் முடக்கில் அவருடைய பலசரக்குக் கடை. 45/3க்குப் பக்கத்து வீடு 45/17 என்பதும், 45/4 மலைக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருப்பதும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் எல்லாம் நடந்து பழகிய வழிகள். ஒருவழிப் பாதை என்ற தொல்லை கால்களுக்கு இல்லையே.

அன்று பிற்பகல் மாத்தளையிலிருந்து ஒரு வான் வந்து நின்றது. உள்ளே ரபீகா. அவரை வளர்த்த சாச்சி, உம்மாவின் தங்கை, மௌத்தாகிவிட்டார். அஸர் தொழுகைக்கு ஜனாஸாவை எடுக்கிறார்கள். அதற்குள் முகம் பார்த்துவிட வேண்டும். சாச்சியின் மகன் புதிதாகக் குடிவந்த வீடு தெரியவில்லை, போனையும் யாரும் எடுக்கவில்லை.

வீடு மர்சூக்குக்குத் தெரியும். கடைக்குப் பின்னாலுள்ள படிக்கட்டில் ஏறினால் வந்துவிடும். கூட்டிக்கொண்டே போயிருக்கலாம். கடையில் ஆட்கள் நின்றார்கள். வான் போகும் பாதை தெரியாது என்று அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கீழே இறங்கி இடப்பக்கம், பிறகும் இடப்பக்கம் என்று கையை வீசினார்.

அந்த இடப்பக்கம் ஒருவழிப் பாதையில் வானை இழுத்துக்கொண்டுபோய் வாவிக்கரையில் விட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரம் வேறு.

அஸர் முடிந்து, ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்கு அந்த முடக்கால்தான் இறங்கியது. மர்சூக்கும் தோள் கொடுத்தார். கொடுத்தபடியே வானைத் தேடினார்.

அவர் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பிக் கடையைத் திறந்த பிறகுதான் வான் மறுபடி வந்தது. ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்து, வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் ரபீகா.

"வாவியச் சுத்திச் சுத்தி மீனுங்களுக்கே எங்க வான் நம்பர் மனப்பாடம், அண்ணே," என்றான் சாரதி திலீபன். யாரும் சிரிக்கவில்லை.

"நீங்க நல்லாத்தான் சொன்னீங்க நானா. எங்களுக்குத்தான் வெளங்கல்ல," என்றார் ரபீகா. பிறகு மாத்தளைக்குத் திரும்பும் வழியை அவரிடமே கேட்டார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டினால் நேர் பாதை. அதைச் சொன்னாலே போதும். மர்சூக் கடையைப் பூட்டிவிட்டு முன் சீட்டில் ஏறினார். வழியெல்லாம் ரபீகா சாச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மர்சூக் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்தடியில் இறங்கி, பின் யன்னலருகே வந்து நின்றார்.

"எனக்கு வான் பாத தெரியாது, தங்கச்சி. படியால கூட்டிட்டுப் போயிருந்தா நீங்க முகம் பாத்திருப்பீங்க."

ரபீகா அவரையே பார்த்தார். பிறகு கண்ணாடியை மெல்ல ஏற்றினார்.