குருநகர்த் துறையில் கடற்காகங்கள்

ஐப்பசிக் காலை. பஸ்ஸுக்கு நேரமிருப்பதால் குருநகர்த் துறையில் நின்று, குளிர்நாடுகளிலிருந்து வந்திருக்கும் கடற்காகங்களைப் பார்க்கிறேன். பக்கத்தில் செபமாலையோடு ஒரு பெண் நிற்கிறாள். போரினால் கடலுக்குப் போகக் கடற்படை தடை விதித்திருந்தும், பிள்ளைகளின் பசி பொறுக்காமல் அவள் கணவன் நேற்று வலையோடு போனானாம். இரவு கடலில் வெடிச்சத்தம் கேட்டதாம்.

தூரத்தில் ஒரு வள்ளம் மெல்ல மிதந்து வருகிறது.

"அக்கா, அங்கை பாருங்கோ. உங்கடை வள்ளமே?"

"ஓம், எங்கடைதான்."

"பிறகென்ன, வந்திட்டார்தானே?"

அவள் முகம் மலரவில்லை.

"விளிம்பு முழுக்கக் கடற்காகம் குந்தியிருக்குது, தம்பி. உள்ளுக்கை ஆள் அசைஞ்சால் உதுகள் குந்தாதுகள்."

அவள் கணவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே சேலையோடு தண்ணீரில் இறங்குகிறாள்.