லேமினேட் பண்ணின எம்.எஸ்ஸி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கீழ் வீட்டு ஸ்டெல்லா கையில் ஹேர் டிரையரோடு வந்து நின்றாள்.

"அக்கா, அரை மணி நேரம் கீழ வர்றீங்களா? கை நடுங்குது. கூட யாராவது இருந்தா தேவல."

தலை காய வைக்கவா துணைக்கு ஆள்? இல்லை... விஷயம் வேறு.

ஸ்டெல்லா எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. சாந்தோம் பக்கம் ஒரு சின்ன ஸ்கூலில் பதினைந்து வருடமாக பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கிறாள். கணவர் தவறியபின் மகளோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். மகள் அடுத்த வருடம் காலேஜ். அந்தச் செலவை நினைத்துத் தூக்கம் கெட்டிருந்த நேரத்தில்தான் மஸ்கட்டில் ஒரு ஸ்கூல் கூப்பிட்டது. இங்கே வாங்குவதைப்போல் மூன்று மடங்கு சம்பளம், கூடவே குவார்ட்டர்ஸ்!

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. டிகிரி சர்டிபிகேட்டின் பின்பக்கம் அரசாங்க சீல் வாங்க வேண்டும். அதை வாங்கித் தரும் தி.நகர் ஏஜென்சி கவுன்ட்டரில் இருந்த அம்மாள் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாராம்.

"மேடம், சீலை எங்க வைக்கறது? பிளாஸ்டிக் மேலயா?"

ஆமாம் — லேமினேஷன்! உபயம், ஸ்டெல்லாவின் அப்பா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மகள் பட்டம் வாங்கிய மறுநாளே மயிலாப்பூர் குளத்துப் பக்கம் போய், இருப்பதிலேயே கனமான ஷீட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அது பீரோவை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஸ்கூல் வேலைக்குக்கூட ஜெராக்ஸ்தான் போனது.

டூப்ளிகேட் வாங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மஸ்கட் காத்திருக்குமா? பாண்டி பஜாரில் ஒரு லேமினேஷன் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள்.

"இன்னாக்கா நீ! ஒட்றதுதான் நம்ம வேலை. பிரிக்கசொல்லோ கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?"

நியாயமான மனிதர். அதனால் டிரையர் சூட்டில் தானே பிரித்துவிடுவது என்று ஸ்டெல்லா முடிவு பண்ணிவிட்டாள்.

கீழே போனேன். டைனிங் டேபிளில் ஹெட்மாஸ்டரின் லேமினேஷன் கைவண்ணங்கள் வரிசையாக இருந்தன. சின்ன வயதில் ஸ்டெல்லா சர்ச்சில் வாங்கிய மறைக்கல்வி சர்டிபிகேட்டில்தான் முதல் ஒத்திகை. பிளாஸ்டிக்கோடு அவள் பெயரும் உரிந்து வந்துவிட்டது! ஹெட்மாஸ்டர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

"சூடு பத்தலக்கா," என்றாள் ஸ்டெல்லா. "பசை இளகறதுக்குள்ள இழுத்துட்டேன். இதைத்தானே பசங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கறேன்!"

அடுத்தது டைப்ரைட்டிங் சர்டிபிகேட். முழுசாக வந்தது.

அப்புறம் எம்.எஸ்ஸி. டிரையரை நான் பிடித்துக்கொண்டேன். எங்கே காட்ட வேண்டும், எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல நகர்த்தினேன். அவள் ஓரத்தை வெட்டி, துளித் துளியாக இழுத்தாள். ஒரு மணி நேரம்... மூச்சுவிடக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அவள் கை நடுங்கவே இல்லை.

ஒரு மூலையில் நகம் அளவுக்குக் கிழிசல். மற்றபடி பெயர், நம்பர், யுனிவர்சிட்டி முத்திரை எல்லாம் பத்திரம். அந்தச் சர்டிபிகேட்டைக் காப்பாற்றியது அவள் படித்த கெமிஸ்ட்ரியேதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் ஊர் அப்பாக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பெண்ணைப் படிக்க வைக்கிறார்கள். பாஸ் பண்ணினால் தெரு முழுக்க ஸ்வீட் கொடுக்கிறார்கள். அதோடு, அந்தப் படிப்பு பீரோவில் இருப்பதுதான் பத்திரம் என்றும் நினைத்துவிடுகிறார்கள். வெளியே எடுத்தால்தானே சோறு போடும்?

நேற்று சீல் எல்லாம் விழுந்து சர்டிபிகேட் திரும்பி வந்தது. பின்பக்கம் முழுக்க ஊதா மை, கிறுக்கல் கையெழுத்து, ஸ்டிக்கர். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இருபது வருஷம் ஒரு பொட்டு அழுக்குப் படாம வெச்சிருந்தேன்மா. இப்படிக் கறை பண்ணிட்டாங்களே!"

"இப்பதான்ப்பா அது செல்லும்," என்றாள் ஸ்டெல்லா.

மாடிக்கு வந்து என் பீரோவைத் திறந்தேன். என்னுடைய பி.ஏ... பளபளவென்று இருந்தது.