நிரம்பியே திரும்பிய பாட்டில்

அம்மா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றமாட்டாள். ஒன்று படியிலும் இன்னொன்று தெருவிலும் கிடக்க, நேராகக் கொல்லைக் கக்கூசுக்கு ஓடுவாள். "அம்மா எக்ஸ்பிரஸ் வருது, வழி வுடு!" என்று நானும் தம்பியும் கத்துவோம். ஜங்ஷன் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு என்ன கேலி தெரியும்? திரும்பி வந்த பிறகுதான் செம்பை எடுத்து அண்ணாந்து மூச்சுவிடாமல் குடிப்பாள். இரண்டாவது செம்பும் காலியானால்தான் எங்களையே பார்ப்பாள். பையிலிருந்து வெளியே வரும் தண்ணீர் பாட்டில் மட்டும் காலையில் போன மாதிரியே நிறைந்திருக்கும்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அம்மாவும் பெரியம்மாவும் பொம்மை ஊற்றினார்கள். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து எடுக்கும் வேலை. தகரக் கூரை, பக்கத்திலேயே சூளை, ஃபேன் கிடையாது. காற்று பட்டால் ஈரப் பொம்மை விரிசல் விட்டுவிடும் என்பார்கள். மனுஷிகள் விரிசல் விடுவதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வருடம் எனக்குப் பத்து வயது. முழுப்பரீட்சை லீவில் மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. கத்திரி வெயிலில் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும், கூழும் மோரும் வெள்ளரிக்காயும் சாப்பிட வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அதே வாரம் கருவேப்பிலங்குறிச்சியில் ஒருவர் வயலில் சுருண்டு விழுந்து செத்துப்போனார் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்தது அம்மாதான் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன்.

"தண்ணி குடிம்மா" என்பேன்.

"குடிச்சிக்கறேன், நீ வூட்டுக்குப் போ. வெயிலு ஏறுது."

குடிக்கமாட்டாள். அச்சு தண்ணீரை உறிஞ்சினால்தான் பொம்மை நிற்கும் என்று ஒருமுறை அவளே சொல்லியிருந்தாள். அச்சுகூடக் குடிக்கிறது, இவளுக்கு என்ன கேடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் ஒன்றே ஒன்று. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்று நான் குடம் குடமாகக் குடிப்பேன். ஒருநாள் கம்மங்கூழில் வழக்கமான உப்புக்கு மேல் ஒரு கைப்பிடி போட்டுக் கரைத்தேன். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வைத்தேன். இனி எப்படிக் குடிக்காமல் இருப்பாள், பார்த்துவிடலாம்!

ஒரு வாய் குடித்ததும் அம்மா முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி கண்ணு, கடலையே கரைச்சிட்டியா?" என்றாள். ஆனால் சாப்பாட்டைக் கொட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. முழுவதையும் குடித்தாள். பிறகு பாட்டிலைத் திறந்தாள். ஒரு வாய்த் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்து வெளியே துப்பிவிட்டு, பாட்டிலை மூடிப் பையில் வைத்தாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அடுக்கியிருந்த அச்சுகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாக்கால் உதட்டைத் தடவினாள். சூளைப் பக்கம் இருந்த ஆண்கள் பானையிலிருந்து மொண்டு மொண்டு குடித்தார்கள். அவள் ஒருமுறை அந்தப் பானையைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். வேர்த்துக்கொண்டிருந்த அவள் முகம் காய்ந்து சிவந்தது. ஓடிப்போய் உப்பைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று கால் எழுந்தது. அடி விழுமே என்று நின்றுவிட்டேன். அதற்குள் களிமண் வாளி அவள் கையிலிருந்து நழுவியது. கொட்டிய சேற்றின் மேலேயே அவளும் விழுந்தாள்.

"ஐயோ, புள்ள கண்ணு சொருவுதே!" என்று பெரியம்மா அலறினாள்.

ஆட்டோவில் அம்மாவின் தலை பெரியம்மா மடியிலும் கால் என் மடியிலும் இருந்தன. காலெல்லாம் வெள்ளைச் சேறு. லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தார்கள். சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போனது. கொலைகாரி, கொலைகாரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயிலைக் கேலிக்கு இழுத்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்றும் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதும் நர்சம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"உப்பு ஜாஸ்திதான். ஆனா ஒரு வேளை உப்பு மட்டும் இப்புடிப் பண்ணாது பாப்பா. நாள் முழுக்கத் தண்ணி இல்லாம இருந்திருக்காங்க" என்றவர், பெரியம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, காலையிலேர்ந்து இவங்க ஒண்ணுக்குப் போனாங்களா?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கம்மா போறது?" என்றாள்.

பெரியவர்களிடம் போய் இதையெல்லாம் கேட்கிறாரே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அம்மா பிழைத்தாள். மறுவாரமே வேலைக்குப் போனாள். அன்று சாயங்காலமும் பாட்டில் நிரம்பியே திரும்பியது. என்மேல் கொஞ்சமாவது பாசம் இருந்தால் குடித்திருப்பாளே என்று கோபம் பொங்கியது. தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

அந்தப் பட்டறையில் ஆண்களுக்கு ஒதுங்கப் பின்சுவர் இருந்தது. பெண்களுக்கு வீடு வந்து சேரும்வரை ஒன்றும் இல்லை. பத்து வயதில் இது எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

போன சித்திரையில், நல்லூர்ப் பக்கம் ஊர் ஊராகச் சுற்றும் என் வேலையை முடித்துவிட்டு பஸ் பிடித்து வந்தேன். செருப்பை வாசலில் உதறிவிட்டு கக்கூசுக்கு ஓடினேன். "அம்மாவுக்கு இன்னா இவ்ளோ அவசரம்!" என்று என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

என் அம்மா சிரிக்கவில்லை. நான் வெளியே வந்தபோது செம்பு நிறையத் தண்ணீரோடு கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.