முப்பத்தொன்றாவது டோக்கன்

மாணவர் காரில் ஏறி, இருக்கையை இழுத்துச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டுகிற அந்த ஒரு நிமிடத்தில் மாஸ்டர் ஃபோனைப் பார்த்துவிடுவார். தான் உருவாக்கி விற்ற முப்பது டோக்கன்களில் ஒன்றாவது மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பார். வந்திருக்காது. ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கண்ணாடியப் பாத்தீங்களா?" என்பார். பார்த்தேன் என்று சொன்னாலும் விடமாட்டார். "பாத்தா என்ன தெரிஞ்சுது, அதச் சொல்லுங்க."

இந்தக் கேள்வியால் அவருக்குக் கண்ணாடி மாஸ்டர் என்றே பெயராகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் தொடங்கிப் பத்தொன்பது வருடம். பின்சீட்டில் எப்போதும் ஒரு சின்னத் தலையணை கிடக்கும், உயரம் குறைந்தவர்களுக்கு. முன்னால் ஒரு டப்பா நிறையப் புளிப்பு மிட்டாய், பயந்தவர்களுக்கு. "வாயில ஏதாவது இருந்தா பல்லக் கடிக்க மாட்டாங்க" என்பது அவர் கண்டுபிடிப்பு. கத்த மாட்டார். மாணவர் குப்பைத்தொட்டியை இடித்துத் தள்ளினால்கூட, "அது பாட்டுக்கு அங்கதான் இருந்துது, நாமதான் தேடிப் போனோம்" என்பதோடு சரி.

வார நாட்களில் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஞாயிறு காலை மட்டும் மாஸ்டரே உட்காருவார். அதற்குத்தான் அடிதடி. அவரிடம் ஞாயிறு கற்றவர்கள் லைசென்ஸ் தேர்வில் தோற்றதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதை அவர் மறுத்ததும் கிடையாது.

கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒரு மாணவர் ரிவர்ஸ் பழகும்போது பேச்சுவாக்கில் என்எஃப்டி பற்றி, அதாவது ஒரு படத்தை இன்னாருக்குத்தான் சொந்தமென்று இணையத்தில் பதிந்து விற்கிற டோக்கன் பற்றி, சொன்னதில் வந்தது வினை. மாஸ்டருக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். பிறகு மாணவர்களுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார். "வெறும் படத்த வித்தா அது பொம்ம வியாபாரம். படத்துக்குள்ள ஒரு வேல இருக்கணும். அதுக்குப் பேருதான் யூட்டிலிட்டி." அவர் டோக்கனுக்குள் வைத்த வேலை இதுதான்: யார் கையில் அது இருக்கிறதோ அவருக்கு ஆயுள் முழுக்க மாஸ்டரின் ஞாயிறு காலை. புதிதாகக் கற்கலாம், மறந்ததைப் பழகலாம், வேண்டாமென்றால் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். மொத்தம் முப்பது.

இதற்கெல்லாம் உட்கார்ந்து உழைத்தது அவருடைய அக்கா. ஒரு பரிசோதனைக் கூடத்தில் வாரம் ஆறு நாள் ரத்த மாதிரிக் குப்பிகளுக்கு நம்பர் ஒட்டுகிறவர். எதையும் பிசகாமல் எழுதுவார். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பத்து மாலைகள் தம்பியோடு இருந்தார். டோக்கனில் இருக்கிற படம், ஸ்டியரிங் மேல் ஒரு குருவி, அவர் வரைந்தது. விதிமுறைகளும் அவர் வாசகம்தான். "இது கையில் இல்லாதவருக்கு ஞாயிறு காலை இல்லை" என்ற வரியை எழுதிவிட்டு அவரே சிரித்தார். "கறாரா இருக்குடா. இருக்கட்டும்."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "முப்பதாம் நம்பர எனக்கு எடுத்து வை." கணவருக்குக் கண் மங்கி, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கெஞ்சித்தான் போய்வர வேண்டியிருந்தது. ஐம்பத்தொரு வயதில் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தீர்மானித்திருந்தார். தம்பி, "சொல்லணுமாக்கா?" என்றார்.

டோக்கன்களை இணையத்தில் உருவாக்கி வெளியிடுகிற, அதாவது மின்ட் பண்ணுகிற நாளில், எண்ணிக்கையைப் பூட்டவா என்று திரை கேட்டது. பூட்டினால் யாராலும் திறக்க முடியாது என்று எச்சரித்து இன்னொரு முறையும் கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்று அமுக்கினார் மாஸ்டர். பூட்டினால்தான் மதிப்பு என்பது வீடியோ கற்றுத்தந்த பாடம். "முப்பத்தொண்ணுன்னு ஒண்ணு கெடையாது. நானே வந்து கேட்டாலும் கெடையாது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

இரண்டு மணி நேரத்தில் இருபத்தொன்பதும் போய்விட்டன. முப்பதாவதுக்கு ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று குரூப்பில் போட மாஸ்டருக்குக் கை அரித்தது. அக்காவுக்கு எதற்கு டோக்கன், அக்கா அக்காதானே என்று நினைத்துக்கொண்டு கொடுத்துவிட்டார். அந்த நினைப்பில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. கொஞ்சம் அவசரம் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் இன்றுவரை அது அவரை அரிக்கிறது.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அக்கா வந்தார். காரோட்டுவதற்கென்றே வாங்கிய புதுக் கான்வாஸ் ஷூ காலில். "டோக்கன் இல்லாட்டி என்னக்கா, ஏறு" என்றார் மாஸ்டர். அக்கா ஏறி, சீட்டை இழுத்து, ஸ்டியரிங்கில் கை வைத்தார். அப்போது ஏழு மணிக்கு முறை பதிந்திருந்த வங்கி மேலாளர் ஃபோனில் டோக்கனைக் காட்டியபடி வந்துவிட்டார். "டோக்கன் இருக்கறவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கே மாஸ்டர்?"

"இல்லல்ல சார், இவங்க சும்மா வண்டியப் பாக்க வந்தவங்க."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று மாஸ்டருக்கே தெரியவில்லை. அக்கா என்றுகூடச் சொல்லவில்லை அவர். அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உக்காருங்க சார். சீட்ட முன்னாடி இழுத்துட்டேன், கொஞ்சம் தள்ளிக்கங்க."

மாலையில் மாஸ்டர் அக்கா வீட்டுக்கு ஓடினார். நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா காபி போட்டுக் கொடுத்தார். "நீ சொன்னது சரிதான்டா. எழுதினவளே மீறலாமா?" அதில் குத்தல் இருந்ததா என்று மாஸ்டர் இன்றும் யோசிக்கிறார். இல்லை என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. அதுதான் தாங்கமுடியவில்லை.

அதற்குப் பிறகு, டோக்கனைத் திருப்பி விற்பீர்களா என்று முப்பது பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார். வாங்கியதிலிருந்து ஒருநாளும் வராத பல் டாக்டர்கூட, "இருக்கட்டும் மாஸ்டர், நல்ல பொருள்" என்றார். நல்ல பொருள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் மாஸ்டர்தானே. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினார். "எனக்காகத் தேடாதடா. சாப்பிட்டியா?" என்று பதில் வந்தது. அக்கா வேறு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார் என்பதை அக்காவின் கணவர்தான் பிறகு வாய்தவறிச் சொன்னார். மாஸ்டர் ஃபோனைப் பார்ப்பதை அன்றும் நிறுத்தவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்றிருந்தன. மாஸ்டருக்குப் பக்கத்தில் டோக்கன்காரர் ஒருவர், கல்லூரி ஆசிரியை, கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துக் காத்திருந்தார். முன்னால் நின்ற காரின் கூரையில் வேறொரு ஸ்கூலின் பலகை. வழி விட்டதும் அந்தக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார்கள், மறுபடி நின்றது. பின்னாலிருந்து எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். ஓட்டியவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பக்கத்தில் இருந்தவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சாய்ப்பு மாஸ்டருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

ஆசிரியையின் கை ஹார்னுக்குப் போனது. "வேண்டாம்" என்றார் மாஸ்டர். அவர் பக்கத்திலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் உண்டு, மாணவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. முன்னால் மூன்றாவது தடவையாக இன்ஜின் உறுமியது.

"மாஸ்டர், நான் ஒண்ணும் பண்ணலயே, நீங்க ஏன் கிளச்ச மிதிக்கறீங்க?"

மாஸ்டர் முன் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தபடி, அது உருள உருள, அழுத்தியிருந்த இடது காலை மெல்ல, மிக மெல்ல, மேலே எடுத்தார்.