விட்ட பாட்டு

1. கோயிலில் புராணப் படிப்பின் ஆறாம் நாள். பாட்டை இழுத்துப் படிப்பது நான். அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வது மாமா.
2. கோயில் செயலாளர் நேரலைக்காகத் தன் போனை என் புத்தகப் பலகையில், திரை எனக்குத் தெரியும்படி சாத்தி வைத்தார்.
3. நான் ஒரு பாட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தேன்.
4. மாமா விட்ட பாட்டின் பயனையும் சேர்த்துச் சொல்லிச் சமாளித்தார்.
5. ஒருவரும் கவனிக்கவில்லை.

ஐந்தாவதை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. மண்டபத்தில் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். பாதிப்பேர், எதிரே நடப்பதைக் கையிலிருந்த போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசிக்கும் இடம், பெண் வாசிக்கலாமா என்று நிர்வாகசபை இரண்டு கூட்டம் போட்டு எனக்குத் தந்தது. பிழை விட்டால் போய்விடும். கேட்பதற்கு ஆள் இல்லாததால் போகவில்லை.

அன்றைய பகுதி அசுரனின் கோட்டையைப் பற்றியது. கணினி சர்வருக்குள் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று விதி எழுதுவது என் தொழில். அதனால் அந்தக் கோட்டையை மனமாகவும், வாசல்களைக் கண், காதாகவும், காவலாளியைக் கவனமாகவும் எடுத்து, அதற்கு முந்தின நாளே கொப்பியில் அட்டவணையே போட்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அடுத்த நாள், காவலாளி அயர்ந்த பாட்டு வந்தபோது என் கண் திரையில் ஓடிய கருத்துகளில் நின்றது.

படிப்பு முடிந்து, கால் கழுவும் பைப்படியில் மாமா கேட்டார்.

"பிள்ளை, ஒரு பாட்டைத் தாண்டிப் போட்டாய் என்ன?"

"ஓம் மாமா."

"கண் எங்கை நிண்டது?"

"போனிலை. என்ரை கலியாணத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தவை."

"கலியாணம் சரிவந்ததோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு விட்டதைப் படிச்சுப்போட்டுத்தான் தொடங்குவன்" என்றேன்.

"விசரே உனக்கு? ஆருக்கும் தெரியாது. சும்மா இரு."

"உங்களுக்குத் தெரியுமே."

"நான் காட்டிக்குடுக்கமாட்டன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுவும் எனக்கு அருவருப்பாகவே இருந்தது. அதைவிட, அந்தக் கருத்துகளில் என் சேலையை யாரோ புகழ்ந்ததை மறுபடி தேடிப் பார்க்க வேண்டும்போல் இருந்த என்னை நினைக்கத்தான் அருவருப்பு.

ஏழாம் நாள், நேற்று ஒரு பாட்டை விட்டேன் என்று சொல்லி, அதை முழுதாகப் படித்தேன். மாமா அதற்கு மறுபடி பயன் சொன்னார். அன்றுதான் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"பொம்பிளைப் பிள்ளையளை இருத்தினா உப்பிடித்தான்" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

செயலாளர் போனைத் தூணடிக்கு மாற்றியிருக்கிறார். நேரலை நிற்கவில்லை. நான் தொடர்ந்து வாசிப்பதா என்று ஞாயிறு கூட்டத்தில் முடிவெடுப்பார்களாம். நேற்று வாசிக்கும்போது என் கண் இரண்டு தடவை தூணடிக்குப் போனது. பாட்டு எதுவும் விடுபடவில்லை.