அக்ராவுக்கு அடுக்கிய பெட்டி

கோடை லீவில்தான் நான் கானாவுக்குப் போவதாக இருந்தது. அதன் தலைநகர் அக்ராவில் ஓர் அச்சகத்தில் என் கணவர் ஆப்செட் மெஷின் ஓட்டினார். சிவகாசியில் மெஷின் பிடித்துப் பழகிய ஆளுக்கு அங்கே நல்ல மதிப்பு. விசா வந்துவிட்டது. தூத்துக்குடிக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் போட்டு, அதற்கு அத்தாட்சியான மஞ்சள் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டேன். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருந்தால்தான் ஊசி செல்லும்.

தினமும் போனில் அவர் எனக்குப் பாடம் நடத்துவார். "மஞ்சப் புத்தகத்தப் பெட்டிக்குள்ள போட்டுறாத, பாஸ்போர்ட்டோட கையில வச்சுக்க. இங்கன எறங்குனதும் மொதல்ல அதத்தான் கேப்பாக. மலேரியா மாத்திரைய டாக்டர்ட்ட கேட்டு முன்னாடியே ஆரம்பிச்சிரு. பொழுது சாஞ்சா முழுக்கைதான் போடணும். கொழாத் தண்ணிய வாயில வைக்காத. ஆருக்கும் எடது கையால எதையும் நீட்டாத, கோவிச்சுக்கிருவாக."

நான் பள்ளிக்கூட டீச்சர். எனக்கே டிக்டேஷன். "நான் என்ன ஒண்ணாப்பா படிக்கேன்?" என்று சீறுவேன். ஆனாலும் ஒன்று விடாமல் நோட்டில் எழுதினேன்.

எனக்கு இத்தனை புத்தி சொன்ன மனிதர் தனக்கு ஒரு கொசுவலை கட்டிக்கொள்ளவில்லை. லீவு விட ஒரு மாதம் இருக்கும்போது, ஏழாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்த என்னை அவருடன் வேலை பார்த்த சாத்தூர்க்காரர் கூப்பிட்டார். "மதினி, பதறாம கேளுங்க. அண்ணனுக்கு மலேரியா. சாதாக் காச்சன்னு நாலு நாளா மாத்திரையப் போட்டுக்கிட்டு மெஷின்லயே நின்னாரு. இப்ப மூளைக்கு ஏறிருச்சுங்காக. நெனவு வருது, போகுது. ஒடனே கெளம்பி வாங்க." மறுநாள் காலை சென்னையிலிருந்து விமானம். டிக்கெட்டைக் கம்பெனியே போட்டுவிட்டது. நினைவு இருக்கும்போதே அவரை நான் பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தால் கை ஓடவில்லை. ஒரு சேலையைப் பெட்டியில் வைப்பேன், எடுப்பேன், மறுபடி வைப்பேன். விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவே பட்டாசு வேலைக்குப் போகிற தெரு. சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றது. விஷயம் கேட்ட பெண்கள் அவரவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே என் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள், புருவத்திலும் அதேதான். வெளிநாட்டுக்குப் போகிறவர் தன் பெட்டியைத் தானே அடுக்க எங்கள் தெருவில் விடமாட்டார்கள். தெருவே சேர்ந்து அடுக்கித்தான் அனுப்பும்.

"நீங்க ஒக்காருங்க டீச்சர், நாங்க பாத்துக்கிறோம்" என்று பக்கத்து வீட்டு அக்கா என் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். ஒருத்தி சேலை மடித்தாள், ஒருத்தி அவர் கைலிகளை எடுத்து வைத்தாள், ஒருத்தி பருப்புப்பொடி கட்டினாள். கடைசியில் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போய் மொகத்தக் காட்டுங்க, எந்திரிச்சு ஒக்காந்துருவாரு பாருங்க." அந்தக் கைகளில் முகத்தைப் புதைத்து அழுதேன். அன்றைக்கு எனக்கென்று வேறு யார் இருந்தார்கள்?

சென்னை விமான நிலையத்தில் ஒருவர் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றால் என் பெட்டியைத் தடவி, அதை வெடிமருந்து இருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு மெஷினுக்குள் வைத்தார். மெஷின் கத்தியது. மறுபடி தடவினார், மறுபடி கத்தியது. கைப்பையைத் தடவினார். என் கையையே தடவினார். எல்லாவற்றுக்கும் கத்தியது.

"எந்த ஊரும்மா?"

"சிவகாசிப் பக்கம்."

அவர் முகம் மாறியது. பெட்டியைக் கவிழ்த்தார்கள், போலீஸ் வந்தது, கேட்ட கேள்வியையே நாலு பேர் கேட்டார்கள். கும்பிட்டேன், அழுதேன், பிறகு கத்தினேன். "எங்க ஊர்ல காத்துலயே வெடிமருந்து இருக்கு சார்! என் புருஷன் சாகக் கிடக்காரு. பெட்டிய நீங்களே வச்சுக்கோங்க, என்னை மட்டும் ஏத்தி விடுங்க!" அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தங்கள் வேலையைச் செய்தார்கள். தப்பு எதுவும் இல்லை, நீங்கள் போகலாம் என்று அவர்கள் சொன்னபோது விமானம் போய்விட்டது. அடுத்த இடம் மறுநாளுக்கு மறுநாள்தான் கிடைத்தது.

அந்த இரண்டு நாளும் லாட்ஜில் உட்கார்ந்து துணியெல்லாம் துவைத்தேன். தெருப் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்து நினைத்துத் திட்டினேன். கை கழுவ ஒரு செம்புத் தண்ணி கிடைக்கலையா உங்களுக்கு? ஆண்டவரே, அவரை வைத்திரு, வைத்திரு என்று அதோடு சேர்த்து ஜெபமும் ஓடியது.

அக்ராவில் இறங்கியதும் மஞ்சள் புத்தகத்தைக் கேட்டார்கள். வலது கையால் நீட்டினேன். வெளியே சாத்தூர்க்காரர் தலை நிமிராமல் நின்றார். "நேத்து சாயங்காலம் நல்லா நெனவு வந்துச்சு மதினி. ஒரு மணி நேரம் பேசுனாரு. 'நேத்தே வந்திருக்கணுமே, இன்னும் வரலையாலே'ன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. விடியிறதுக்குள்ள போயிட்டாரு." எனக்கு அழுகை வரவில்லை. அவரிடம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

ஊருக்கு அவரைக் கொண்டுவந்து அடக்கம் செய்த அன்று, "என்ன டீச்சர் ரெண்டு நாள் பிந்திட்டீக?" என்று அக்கா கேட்டாள். விமானம் ரத்தாகிவிட்டது என்றேன். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை.

போன மாதம் அக்காவின் மகள் கானாவுக்குக் கிளம்பினாள். மருமகனுக்கு அங்கே மெஷின் வேலை. ஊசி, மாத்திரை, முழுக்கை, தண்ணீர் என்று நோட்டில் இருந்த அத்தனையையும் அவளுக்குச் சொன்னேன். சாயங்காலம் வேன் வந்தது. பெண்கள் மருந்துக் கையோடு அப்படியே பெட்டியிடம் வந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"யாரும் தொடக்கூடாது. நானே அடுக்குறேன்."

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதீக?" அக்காவின் கை சேலைக்கு மேலேயே நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "நம்ம கை பட்டா டீச்சருக்கு ஆகாதாம்ல."

எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சுக்குச் சாதி என்றுதான் அர்த்தம், அது எல்லோருக்கும் தெரியும். அக்காவின் முகம் செத்துப்போனது. பத்து வருஷமாக அவள் வீட்டுச் சட்டியில் சாப்பிட்டவள் நான். மெஷின் கத்தும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அன்றைக்கு நான் ஏன் பிந்தினேன் என்பது அக்காவுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கையால் அவள் சோறு அள்ளித் தின்னமாட்டாள்.

"ஆமா, ஆகாது" என்றேன். சேலைகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன்.