எக்ஸ்எல் சைஸ் தோட்டக்காட்டான்

கொழும்புப் புடவைக்கடையில் வேலை பார்த்த காலம் முழுக்க கஜேந்திரனை முதலாளி பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தோட்டக்காட்டான், அந்தத் துணிக்கட்டை இறக்கு" என்பார்; தேயிலைத் தோட்டத்து ஆட்களை இளக்காரமாகக் கூப்பிடும் பேர் அது. கடை மூடப்பட்டதும் வட்டகொடைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினான். அவனைப் போலவே வேலை போய் வந்த நாலு பேர் அங்கே இருந்தார்கள். எல்லாரும் அதே பட்டத்தைச் சுமந்து வந்தவர்கள்.

அவர்களில் மூத்தவன் பிரதாப் சொன்னான்: "அந்தப் பேர நாமளே வச்சுக்குவோம்."

கறுப்பு டீசேர்ட்டில் மஞ்சள் எழுத்தில் 'தோட்டக்காட்டான்' என்று அடித்துப் போட்டுக்கொண்டு, ஐந்து பேரும் தலவாக்கலை பஜாரில் தோளோடு தோளாக நடந்தார்கள். ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கஜேந்திரனுக்குத் தலை கிறுகிறுத்தது. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. "நாங்க, நாங்க" என்று தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

ஊர் பயப்படுகிறது என்று தெரிந்ததும் பிரதாப்புக்கு வேறு யோசனை வந்தது. "கடைக்காரனுங்க மாசாமாசம் நமக்குக் கப்பம் கட்டட்டும்."

கஜேந்திரனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இத்தனை நாள் "நாங்க" என்றுவிட்டு, "நான் வரல" என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் ஸில்மியாவின் ரொட்டிக்கடைக்குப் போனார்கள். ஐம்பது வயதுக்காரி. பிரதாப் மிரட்டி முடிக்கும்வரை ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் டீசேர்ட்டில் இருந்த எழுத்தை வாசித்தாள்.

"இத எங்க அடிச்சீங்க? எனக்கும் ஒன்டு வேணும், எக்ஸ்எல்."

"எதுக்கு?"

"நானும் உடப்புசல்லாவ தோட்டத்துல பொறந்தவதான் தம்பி. வாப்பா அங்க கடை வச்சிருந்தார். கண்டியில ஸ்கூல் போனப்ப என்னையும் இப்படித்தான் கூப்பிட்டாங்க. சரி, இப்ப நானும் உங்க ஆள். சொல்லுங்க, நாம யார்ட்ட கப்பம் வாங்கப் போறோம்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர், "நான் நோட்டன் பிரிட்ஜ் தோட்டம். எனக்கு மீடியம்" என்றார். மூலையிலிருந்த தேயிலைக் கொழுந்து லொறி டிரைவர் தனக்குக் கை வைக்காத டீசேர்ட் போதும் என்றார். கடையே சிரித்தது. கஜேந்திரன் அடக்கிப் பார்த்தான்; முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எழும்புடா" என்றான் பிரதாப்.

"முடியல அண்ணே. இங்க எல்லாருமே நாங்கதான்."

மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு பிரதாப் போனான். சில மாதம் கழித்து வேறொரு டவுனில் கடை ஒன்றை மிரட்டும்போது நால்வரும் பொலிசில் மாட்டினார்கள். அன்று கஜேந்திரன் சாப்பிடவில்லை. சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தான்.

இப்போது ஸில்மியாவின் கடையில் அவன்தான் கொத்துரொட்டி போடுகிறான். ரொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகளும் தாளம் பிடித்தால் ரோட்டில் போகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். போன வாரம் நான் சாப்பிடப் போனபோது அந்தத் தாளத்துக்கு அவனே ஆடிக்கொண்டிருந்தான். ரொட்டி பாதி தரையில் கிடந்தது.